மாலை மாற்றினாலே திருமணம்தான்

நேற்று எல்லோரும் பகிர்ந்த செய்திதான். மாலை மாற்றிக்கொண்டு சாட்சிகளோடு பதிவுக்குப் போன இருவரிடம் கோயில் ரசீது கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரவெல்லாம் மனசு ஆறவில்லை.

சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும், இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு 1968 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொல்லலாம், மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம். கோயிலே தேவையில்லாதபோது ரசீது எங்கிருந்து வரும்?

"நாலு பேருக்குத் தெரியாமல் நடப்பது கல்யாணமா?" என்று கேட்கிறீர்கள். 2014இல் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர்கூட நண்பராக முன்னிலை வகிக்கலாம், தொழில்முறையில்தான் கூடாது.

"ஏமாற்று நடக்குமே" என்பது நியாயமான பயம். அதற்குத்தான் வயதுச் சான்று, சாட்சிகள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. மாலை அணிவிக்கும் நொடியில் படம் எடுத்து வையுங்கள், உடனிருந்தவர்கள் பெயர், முகவரியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதியுங்கள். ஒருவர் கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றால் 7ஏ பொருந்தாது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் மணக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்து செய்த மூன்றில் தமிழ்நாடு என்ற பெயரையும் இருமொழிக் கொள்கையையும் மேடைதோறும் சொல்கிறோம். மூன்றாவது இந்தச் சட்டம். 1950களில் இதே சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. அப்படி வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையே கேள்வியானது. அதனால்தான் 7ஏ, முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. பெயர்ப்பலகையை மாற்றிய சட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்த சட்டத்தை மட்டும் ஏன் மறந்தோம்?

"இதெல்லாம் பழங்கதை" என்பவர்களே, அந்தச் செய்தியின் கடைசி வரியைப் படித்தீர்களா? இருவரும் வேறு வேறு சாதி. ரசீது தேடி அவர்கள் அலையும் நாளில் பெண் வீட்டார் இவர்களைத் தேடி அலைவார்கள். நேற்றே பதிந்திருந்தால் காவல் நிலையத்தில் காட்ட ஒரு சான்றிதழாவது கையில் இருந்திருக்கும்.