வலி குறைந்தது சரி, ஜவ்வு வளர்ந்ததா?

சில மாதங்களாக முகநூலைத் திறந்தாலே முட்டிதான். ஐம்பதைத் தாண்டியவன் என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ‘கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். உங்கள் ஸ்டெம் செல்லே தேய்ந்த ஜவ்வை வளர்த்துவிடும்.’ ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். கூடவே விறுவிறுவென்று படியேறிக் காட்டும் ஒரு பெரியவர். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வலி உண்மையிலேயே குறைந்திருக்கும். என் சண்டை அவரோடு இல்லை. அவருக்கு வலி குறைந்ததைக் காட்டி, ஜவ்வு வளர்ந்ததாகப் பில் போடுகிறவர்களோடுதான்.

ஊர்ப்பேச்சில் ஜவ்வு என்கிற இந்தக் குருத்தெலும்பு, எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலம். முழங்காலில் அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். பெரும்பகுதி தண்ணீர், மீதியில் பெரும்பாலும் கொலாஜன் நார்கள், நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள். ரத்தக்குழாய் கிடையாது. ரத்தம் எட்டாத இடத்துக்குப் பழுதுபார்க்கும் சாமானும் போய்ச் சேராது. அதனால்தான் கையில் பட்ட வெட்டு பத்து நாளில் ஆறுகிறது, இது ஆறுவதில்லை. 1743லேயே உடற்கூறியல் அறிஞர் வில்லியம் ஹண்டர் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் சொல்லிவிட்டார்: குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை.

அதற்கு நரம்பும் கிடையாது. விளம்பரக்காரர்கள் வாயே திறக்காத விஷயம் இது. குருத்தெலும்புக்கு வலிக்கத் தெரியாது. வலி வருவது அடியிலிருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டை மூடியிருக்கும் உறையின் அழற்சியிலிருந்தும்தான். ஆகவே வலி குறைய ஜவ்வு ஒரு மில்லிமீட்டர்கூட வளர வேண்டியதில்லை, அழற்சி தணிந்தாலே போதும். ‘எனக்கு நல்லாயிடுச்சு’ என்று ஆயிரம் பேர் வீடியோவில் சொன்னாலும், உள்ளே ஏதாவது முளைத்ததா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் மேயோ கிளினிக்காரர்கள் எளிமையான ஒரு வழியைப் பிடித்தார்கள். 2017ல் வெளியான ஆய்வு. இரண்டு முட்டியிலும் வலி உள்ள 25 பேர். ஒவ்வொருவருக்கும் இடுப்பெலும்பிலிருந்து, ஸ்டெம் செல் இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி, செறிவாக்கி, ஒரு முட்டியில் போட்டார்கள். மற்ற முட்டியில் வெறும் உப்புத்தண்ணீர். எந்தக் காலில் எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரே ஆள், ஒரே எடை, ஒரே நடை, ஒரே மனசு. இதைவிட நியாயமான ஒப்பீடு கிடைக்காது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மஜ்ஜை போன முட்டியிலும் வலி குறைந்திருந்தது, உப்புத்தண்ணீர் போன முட்டியிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்திருந்தது.

உப்புத்தண்ணீருக்கு ஏன் குறைய வேண்டும்? மூட்டு வலி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அப்புறம் அது இறங்கத்தான் செய்யும், நடுவில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அவருக்குப் போகும். ஊசி, ஸ்கேன், பெரிய தொகை என்று ஒரு ஏற்பாடே நடந்தால் மனசும் தன் பங்குக்கு வலியைக் குறைக்கும். உப்புத்தண்ணீர்தானே என்று சிரித்துவிட வேண்டாம். வலி குறைவது நல்ல விஷயம்தான். அதை லட்சக்கணக்கில் விற்பதுதான் பிரச்சினை.

அப்படி ஒரு இடத்துக்குப் போன வருஷம் அத்தைக்குத் துணையாகப் போயிருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். மேஜைமேல் பிளாஸ்டிக் முழங்கால், பக்கத்தில் லேமினேட் செய்த படம்: இடதுபக்கம் சிவந்து கிழிந்த ஜவ்வு, வலதுபக்கம் பளிங்கு மாதிரி வெள்ளை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் உட்கார வைத்து, “ரெண்டு முட்டிக்கும் சேர்த்துப் பண்ணிட்டா ஒரு பேக்கேஜ் இருக்கும்மா” என்று ஆரம்பித்தார். ரெண்டரை லட்சம். வளர்ந்ததா இல்லையா என்று ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ எடுத்துக் காட்டுவீர்களா என்று கேட்டேன். “வலி போயிட்டா ஸ்கேன் எதுக்கு சார், வீண் செலவுதானே?” ரெண்டரை லட்சம் கேட்கிறவர்களுக்கு என் ஸ்கேன் செலவைப் பற்றி எவ்வளவு அக்கறை!

வெளியே வந்ததும் அத்தை கோபித்துக்கொண்டார். “அந்தப் பொண்ணைப் போட்டு ஏன்டா இந்தக் குடை குடையறே? ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நான் எந்திரிச்சு நடமாடற வரைக்கும் வீட்ல யார்டா சோறு பொங்குறது?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. கத்தி இல்லாத வழி என்றதும் நம் பெண்கள் ஏன் அங்கே போய் நிற்கிறார்கள் என்பதற்கு, பயத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தையின் எக்ஸ்ரேவில் எலும்பும் எலும்பும் ஒட்டிக் கிடந்தன, நாலாம் கிரேடு, அதாவது தேய்மானத்தின் கடைசிக் கட்டம். அதைப் பார்த்த பிறகும் அங்கே யாரும் ‘இதுக்கு இந்த ஊசி இல்லை’ என்று சொல்லவில்லை.

அன்றைக்கே மஜ்ஜை எடுத்து, சுழற்றி, அன்றைக்கே முட்டியில் போடும் முறையில் ஸ்டெம் செல் எவ்வளவு போகிறது தெரியுமா? நமக்கு வேண்டிய வகைச் செல், மஜ்ஜையின் உட்கருவுள்ள செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று, அதற்கும் குறைவு. ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கினால்தான் கோடிக்கணக்கில் கிடைக்கும். அப்படிப் பெருக்கினால் அது சட்டப்படி மருந்து, அனுமதி வேண்டும்.

ஜவ்வை வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு 1994ல் 23 பேருக்குச் செய்து காட்டியது. நோயாளியின் நல்ல குருத்தெலும்பிலிருந்து துளி எடுத்து, செல்லை இரண்டு மூன்று வாரம் வளர்த்து, மூட்டைத் திறந்து, பள்ளத்தில் விட்டு, எலும்பு உறையால் மூடித் தைத்தார்கள். தொடையெலும்பு முனையில் பள்ளம் இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முட்டிச் சில்லில் செய்த 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே. இது ஸ்டெம் செல் அல்ல, முதிர்ந்த குருத்தெலும்புச் செல். ஸ்டெம் செல்லில் என்றால் தென்கொரியா 2012ல் அனுமதித்த கார்ட்டிஸ்டெம் இருக்கிறது, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்துப் பெருக்கியது. அதையும் ஊசியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதில்லை. மூட்டைத் திறந்து, பழுதான இடத்தில் துளைகள் போட்டு, ஜெல்லோடு நிரப்புகிறார்கள். பிறகு பல வாரம் ஊன்றுகோல். ஜவ்வை நிஜமாக வளர்க்க முயல்கிறவர்கள் எல்லாரும் கத்தியோடுதான் வருகிறார்கள், கத்தி வேண்டாம் என்கிறவர்களோ வளர்ந்ததைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள். இதை நான் அத்தையிடம் சொன்னபோதுதான் அவர் கொஞ்சம் யோசித்தார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஃபுட்பால் ஆடி விழுந்தவனின் நல்ல முட்டியில் காசளவு பள்ளம் என்பது வேறு, அறுபது வயதில் மூட்டு முழுக்கத் தேய்ந்து, எலும்பு கூர்தட்டி, கால் வளைந்து போவது வேறு. முதலாவதற்குக் கிடைத்த வெற்றியைச் சொல்லி இரண்டாவதை விற்கிறார்கள்.

அந்த இரண்டாவதற்கு என்ன ஆதாரம்? 2023ல் நேச்சர் மெடிசின் இதழில் அமெரிக்க ஆய்வொன்று வந்தது. 475 பேர். மஜ்ஜைச் செறிவு, கொழுப்பிலிருந்து எடுத்த செல், தொப்புள்கொடித் திசுவின் செல் என்று மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து எதுவும் ஸ்டீராய்டை ஜெயிக்கவில்லை. எம்.ஆர்.ஐயிலும் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை.

நம் நாட்டிலும் 2022ல் பெங்களூரு ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனத்தின் செல் மருந்துக்கு முழங்கால் தேய்மானத்துக்காக அனுமதி கிடைத்தது. கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து பெருக்கிய செல். 146 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் வலி நன்றாகக் குறைந்தது. அது இரண்டாம், மூன்றாம் கிரேடுக்காரர்களிடம் நடந்த ஆய்வு. எம்.ஆர்.ஐயில் அவர்கள் சொன்னதும் தேய்மானம் மேலும் கூடவில்லை என்றுதான். நாணயமான பேச்சு அப்படித்தான் இருக்கும். தெருமுனை விளம்பரத்தில் இந்த அடக்கம் எங்கே?

நம் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல் 2017லேயே தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலைதான், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுப்பது முறைகேடு. மேலே சொன்னதைப் போல் பிறகு மருந்தாக அனுமதி பெற்றது மட்டும் விதிவிலக்கு. ஆராய்ச்சி என்றால் அதற்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது. ஆராய்ச்சி என்றும் சொல்லிக்கொண்டு பணமும் வாங்குகிறவரிடம் ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள், முகம் மாறும். ஆராய்ச்சி இல்லை, அனுமதி பெற்ற மருந்துதான் என்று சொன்னால் அதன் பெயரையும் உங்கள் கிரேடையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 2017ல் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது. அதைப் பொருத்தும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு ஆதாரமும் கெட்டி, மாற்றிய முழங்கால்களில் ஐந்தில் நான்கு 25 வருஷம் தாங்குகின்றன. இவ்வளவு ஆதாரம் உள்ளதற்கு விலைக் கட்டுப்பாடு, ஆதாரம் இல்லாத ஊசிக்கு வாய்க்கு வந்த விலை. தமிழகச் சுகாதாரத்துறை இந்த விளம்பரங்களை நடத்தும் இடங்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, எந்த அனுமதியில் எந்தச் செல்லைப் போடுகிறீர்கள் என்று கேட்டாலே பாதிக் கடை மூடிவிடும்.

ஆரம்ப நிலை வலிக்கு உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் முதல் மருந்து. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. இதில் யாருக்கும் கமிஷன் இல்லை, அதனால் விளம்பரமும் வருவதில்லை.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ‘எனக்குச் சரியாச்சு’ என்று எழுதுங்கள், சந்தோஷம்தான். போடுவதற்கு முன்னும் ஒரு வருஷம் கழித்தும் எடுத்த எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் யாரிடமாவது இருந்தால், பெயரை மறைத்துவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்.