மினிமலிஸ்ட் ஷூ போட்டால் காயமே வராதா?

வெளிநாடு போனதும் மினிமலிஸ்ட் ஷூவுக்கு (மெத்தை அதிகம் இல்லாத, மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ) மாறுங்கள், காயமே வராது, முதல் நாளே பழைய தூரத்தை ஓடலாம் என்று ஒருவர் எத்தியோப்பிய மாரத்தான் வீரர் அபெபே பிகிலாவை உதாரணம் காட்டி எழுதியிருக்கிறார். இது தவறு, இதை நம்பி யாராவது எலும்பில் விரிசல் வாங்கிக்கொள்ளக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் ஜெயித்தார், சரி. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷூ போட்டுக்கொண்டு அதைவிட வேகமாக ஓடினாரே!

மெல்லிய ஷூவில் பலருக்கு முன்பாதம் முதலில் தரையில் படும், அதனால் முழங்காலுக்குச் சுமை குறையலாம், ஆனால் அந்தச் சுமை எங்கும் மறைந்துவிடாது, கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணுக்கும் பாதத்தின் சிறு எலும்புகளுக்கும் போய்ச் சேரும். தசை சீக்கிரம் பழகும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதோடு புது ஊரில் மண்பாதை போய் கான்கிரீட் நடைபாதை வந்திருந்தால், ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம்.

முதல் சில வாரம் அதில் நடக்க மட்டும் செய்யுங்கள், அப்புறம் வழக்கமான ஓட்டத்தில் சில நிமிடம் மட்டும் அதைப் போட்டு ஓடுங்கள். பாதத்தில் ஒரே இடத்தைத் தொட்டால் வலிக்கிறதா, ஓடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.