சொல்வதும் அறிவியலாளரின் வேலைதான்

2009 ஏப்ரல் 6 அன்று இத்தாலியின் லாக்விலா நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2012-இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் ஓர் அரசு அதிகாரிக்கும் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது, நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்குத் தண்டனையா என்று உலகெங்கும் பலர் கொதித்தார்கள். வழக்கின் மையம் அதுவல்ல. மாதக்கணக்கில் நீடித்த சிறு அதிர்வுகளால் மக்கள் அஞ்சிக் கிடந்த வேளையில், மார்ச் 31 அன்று அந்த வல்லுநர்கள் கூடினார்கள். பெரிய நிலநடுக்கத்துக்கு வாய்ப்புக் குறைவு, ஆயினும் வரவே வராது என்று சொல்ல இயலாது என்பதே அவர்கள் பேசியதன் சாரம். ஆனால் கூட்டம் தொடங்கும் முன்பே அந்த அதிகாரி, அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிக்கொண்டிருப்பதால் ஆபத்தில்லை என்று அறிவியலாளர்கள் கூறுவதாகத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். அது அறிவியல்படியே தவறு. 2014-இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அதிகாரியின் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்தது.

அந்த விடுதலையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தம் பெயரால் பரப்பப்படும் பிழையைத் திருத்துவதும் அறிவியலாளரின் வேலையில் சேர்ந்ததா என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துவிடவில்லை. சேர்ந்தது என்பதே என் கருத்து.

அறிவியலாளர் என்றதும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரைத்தான் நினைக்கிறோம். 1960-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பணியிலிருந்த பிரான்சஸ் கெல்சி எதையும் கண்டுபிடிக்கவில்லை. தாலிடோமைடு என்ற தூக்க மருந்துக்குத் தரப்பட்ட சான்றுகள் போதாது என்று அனுமதியை நிறுத்தி வைத்தார், அவ்வளவுதான். அதே மருந்து விற்பனையாகி, கர்ப்பிணிகளும் அதை உட்கொண்ட பிற நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளுடன் பிறந்தன.

இவரைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பாட்டர்சன். விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் நிறுவியவர். அந்த அளவீட்டுக்குப் பெருந்தடையாக இருந்தது, ஆய்வகத்தின் காற்றிலும் தூசியிலும் கலந்திருந்த ஈயம். அது எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனவர், ஈயம் கலந்த பெட்ரோலில் வந்து நின்றார். வயதைக் கணித்ததோடு அவர் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1965-இல் அவர் மனித உடலில் சேரும் ஈயம் இயற்கையளவைவிட மிக அதிகம் என்று எழுதினார். அவரது ஆய்வுக்கு எண்ணெய்த் துறையிலிருந்து வந்த நிதி போயிற்று. காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971-இல் அமைந்த அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுவிலும் அவருக்கு இடமில்லை.

அவருக்கு எதிரணியில் நின்ற ராபர்ட் கீஹோவும் அறிவியலாளர்தான், அதிலும் அத்துறையில் பல்லாண்டுகள் செல்வாக்கோடு இருந்தவர். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஈயத்தால் தீங்கில்லை என்பது அவர் நிலைப்பாடு; அவரது ஆய்வகத்துக்கு ஈயப் பெட்ரோலால் லாபமடைந்த நிறுவனங்களே நிதி கொடுத்தன. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தீங்கு உண்டு என்பவரே அதை நிறுவட்டும் என்றார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் அந்த வாதத்தின் நிழலில் விற்பனை பல்லாண்டுகள் தடையின்றி நடந்தது. சட்டம் இயற்றுவது ஆட்சியாளர்களின் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களிடம் போய்ச் சொல்ல பாட்டர்சன் போன்ற ஒருவர் முன்வராவிட்டால், அவர்கள் காதில் விழுவது கீஹோவின் குரல் மட்டுமாகவே இருந்திருக்கும்.

வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை உலகின் கடைசி நாட்டில் நின்றது 2021-இல். பாட்டர்சன் 1995-இலேயே இறந்துவிட்டார்.