சர்வோவின் திசை ஒயரை மாற்றினால் மாறாது

ரோபோவின் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால், அதை இயக்கும் சர்வோவின் (சமிக்ஞைக்கு ஏற்ப இயங்கும் மோட்டாரின்) மின்சாரம் தரும் சிவப்பு, பழுப்பு ஒயர்களை இடம் மாற்றிச் செருகினால் போதும் என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. சாதாரண டிசி மோட்டாருக்கு இது சரி, சர்வோவுக்குப் பொருந்தாது. சர்வோவின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், மூன்று ஒயர்களும் மோட்டாருக்கு நேராகப் போகாமல் ஒரு சிறிய சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருப்பது தெரியும். மின்முனைகளைத் தலைகீழாகக் கொடுத்தால் அந்தப் பலகை கருகிப்போக வாய்ப்புண்டு. திசை மட்டும் மாறாது. (செருகியை முழுதாகத் திருப்பிச் செருகியும் சர்வோ பிழைத்திருந்தால், சிவப்பு ஒயர் நடுவில் இருப்பதால் இடம் மாறாததே அதற்குக் காரணம்.)

திசையைத் தீர்மானிப்பது மூன்றாவதான சமிக்ஞை ஒயரில் ஏறத்தாழ 20 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் மின்துடிப்பின் அகலம்தான், அதாவது அது நீடிக்கும் நேரம்தான். இதை யாரும் சோதிக்கலாம்: தொடர்ந்து சுற்றும் வகைச் சர்வோ ஒன்றுக்கு, ஒயர்களைத் தொடாமல், முதலில் 1500 மைக்ரோநொடித் துடிப்பை அனுப்புங்கள், அது நிற்கும், அல்லது மிக மெதுவாக ஊர்ந்தால், சர்வோவில் சரிசெய்யும் திருகு இருந்தால் அதைத் திருகி நிறுத்திக்கொள்ளலாம். பிறகு 1300, அடுத்து 1700 அனுப்பினால் இரண்டுக்கும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றுவதைக் கண்ணாலேயே காணலாம். எனவே திசையை மாற்ற, நிரலில் உள்ள மதிப்பை 3000இலிருந்து கழித்து எழுதினால் போதும். கோணம் கொடுக்கும் சாதாரணச் சர்வோவானால் 180இலிருந்து கழிக்க வேண்டும்.

இடது, வலது சர்வோக்கள் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராகப் பொருத்தப்படுவதால், இரண்டுக்கும் ஒரே மதிப்பை அனுப்பினால் ரோபோ நின்ற இடத்திலேயே சுழலும். அது சர்வோவின் பழுதல்ல.