கையுறை போட்டாலும் கை கழுவ வேண்டும்

"கையுறை போட்டிருந்தால் கை கழுவத் தேவையில்லை, அடுத்த நோயாளிக்குப் போகும்போது அதன்மேலேயே சானிடைசர் தடவினால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. புதிதாக வேலைக்குச் சேரும் உதவியாளர்கள் தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள்.

கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். அதைவிட, கழற்றும்போதுதான் அழுக்கு நம் கைக்கு வருகிறது. மணிக்கட்டுப் பக்கம் வெளிப்புறத்தைக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். அதை மறு கைக்குள் சுருட்டிக்கொண்டு, வெறும் விரலை இன்னொரு கையுறையின் உள்ளே விட்டு அதையும் அப்படியே உரிக்க வேண்டும். அவசரத்தில் விரல் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் துளிகள் தெறிக்கும். சரியாகக் கழற்றினாலும், உடனே கை சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

சிறுநீர்ப் பையைக் காலி செய்த கையுறையோடு கட்டில் கம்பியைப் பிடிப்பதையும் திரையை இழுப்பதையும் வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போட்டவர் கை சுத்தமாக இருக்கலாம். அடுத்து அந்தக் கம்பியைப் பிடிப்பது நோயாளியின் மகள்.

ஒரு ஜோடி கையுறை ஒரு நோயாளிக்கு மட்டும்தான். சானிடைசர் வெறும் கைக்கானது: 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தாலோ, நோயாளிக்கு கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.