காணும் பொங்கலும் ஒரு 22 இஞ்ச் சந்தும்

பொங்கல் முடிஞ்சு இத்தனை நாள் ஆச்சு, காணும் பொங்கலுக்கு மாமாவ வீல்சேர்ல வெளிய கூட்டிட்டு போன கதை இப்ப எதுக்குன்னு கேக்கலாம். அன்னிக்கே எழுதியிருந்தா வெறும் திட்டாத்தான் வந்திருக்கும், கொஞ்சம் ஆறட்டும்னு விட்டேன்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி. வேலூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்துல ஊரு. புளி சீசன்ல மரம் ஏறி உலுக்குற வேலை. எட்டு வருஷம் முன்னாடி ஒரு மாசி மாசம் கிளை முறிஞ்சு விழுந்து முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல, அன்னிலேருந்து வீல்சேர். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுக்கதை இல்ல, புளியமரம் பனைமரம்னு ஏறி விழுந்தவங்கள எல்லாரும் பாத்திருப்பீங்க.

அந்த மனுஷனுக்கு காடுதான் எல்லாம். சின்ன வயசுல என்னை கூட்டிகினு போவாரு, கரடி தோண்டின கரையான் புத்த காட்டி மண்ணு ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கான்னு தொட்டு பாத்து "இது முந்தாநேத்து தோண்டினது மாப்ள"ம்பாரு. எட்டு வருஷமா அவரு பாக்குறது வாசல்ல நிக்கிற வேப்பமரம், அதுல வர்ற காக்கா, அணில், அவ்வளவுதான்.

சரி, காணும் பொங்கலுக்கு கூட்டிட்டு போலாம்னு ஆட்டோ பேசி, வீல்சேர மடிச்சு பின்னாடி கட்டி ஒரு இடத்துக்கு போனோம். காட்டை ஒட்டி மரம், மான், நடைபாதைன்னு வச்சிருக்கிற இடம், பேர் வேணாம். டிக்கெட் கவுண்டருக்கே மூணு படி. பக்கத்துல ராம்ப் இருந்துச்சு, நல்லா பளபளன்னு டைல்ஸ் போட்டு. 1:12னு ஒரு கணக்கு உண்டு, ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம். மூணு படின்னா ஒன்றரை அடி, அப்ப பதினெட்டு அடி நீளம் வேணும். இங்க இருந்தது அஞ்சு அடி. அதுல வீல்சேர் ஏறாது, பின்னாடி மல்லாந்துதான் விழும். நானும் ஆட்டோ அண்ணனும் தம் கட்டி தள்ளி ஏத்தினா மேல பைக் வரக்கூடாதுன்னு இரும்புக் கம்பிய வளைச்சு ஒரு சந்து வச்சிருக்காங்க பாருங்க, அங்க மாட்டிகிச்சு. அப்புறமா ஒரு நாள் இஞ்ச் டேப் எடுத்துட்டு போய் அளந்தேன் (பைத்தியக்காரன்னு நினைச்சிருப்பாங்க), சந்து 22 இஞ்ச், மாமா வீல்சேர் 25.

அங்க இருந்த பசங்க நல்ல பசங்கதான், நாலு பேர் ஓடி வந்து "தூக்கிடலாம் சார், டிக்கெட் கூட வேணாம்"னாங்க. மாமா கைய எடுத்து கும்பிட்டாரு. "மூட்டையாட்டம் தூக்க வேணாம்பா. டிக்கெட் வாங்கிகினு எல்லாரையும் போல போவணும்னு வந்தேன்." அதுக்கு மேல ஒண்ணும் பேசல.

இதை ஒரு வாட்சப் குரூப்ல போட்டேன், எல்லாம் பறவை பாக்குற, காட்டு மேல அக்கறை இருக்கிற ஆளுங்க. ஒருத்தர், "அதுக்காக காட்டுக்குள்ள சிமெண்ட் கொட்ட முடியுமா ப்ரோ?"

யாரு கேட்டா? கார் பார்க்கிங்குக்கு கொட்டியாச்சு, செல்ஃபி பாயிண்டுக்கு கொட்டியாச்சு, வாய் பொளந்துட்டு நிக்கிற பெங்குவின் குப்பைத்தொட்டிக்கும் கொட்டியாச்சு, சக்கரம் உள்ள வரணும்னு சொன்ன உடனே மட்டும் காடு அழியுதுன்னு கவலை வந்துடுது. ஸ்பீக்கர் வச்சு பாட்டு போடுறவன், பீர் பாட்டில் உடைக்கிறவன், குரங்குக்கு லேஸ் பாக்கெட் நீட்டுறவன் எல்லாம் ரெண்டு கால்ல நடந்து வந்தவன்தான். நடுக்காட்டுல ரோடு போடுங்கன்னு நானும் சொல்லல, போட்டா முதல்ல கத்துறது நானாத்தான் இருப்பேன். வாசல்லயும், ஏற்கெனவே மனுஷன் நடக்குற பாதையிலயும்தான் கேக்குறேன். மெரினாவுல 2022 நவம்பர்ல மணல் மேல மரப்பலகையில பாதை போட்டாங்களே, 263 மீட்டர். அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அடிச்சு கொஞ்சம் பிஞ்சுது, திரும்ப சரி பண்ணாங்க. சிமெண்டுக்கு மாத்து இல்லாம இல்ல.

இன்னொருத்தர் கேட்டது இன்னும் ஜோரு. "யானை வந்தா வீல்சேர்ல இருக்கிறவர் எப்படி ஓடுவாரு?" ஏங்க, நீங்க மட்டும் யானைகிட்ட ஓடி தப்பிச்சிடுவீங்களா? 1980கள்ல ஓசூர் பக்கத்துலேருந்து ஆந்திராவுல சித்தூர் பக்கம் யானைங்க வந்துச்சு, அப்புறம் 1990ல அங்க கௌண்டின்யா சரணாலயம்னு அறிவிச்சாங்க, எல்லைய ஒட்டின நம்ம குடியாத்தம், பேர்ணாம்பட்டு விவசாயிங்க இன்னிக்கும் அந்த யானைங்களோடதான் வாழுறாங்க. யானை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சு அந்தப் பக்கம் போகாம இருக்கிறதாலதான் தப்பிக்கிறாங்க, ஓடுறதால இல்ல. அந்த விஷயத்துல எங்க மாமா அந்த குரூப்பையே உக்கார வச்சு பாடம் எடுப்பாரு.

எனக்கு பெரிய வருத்தமே இதுதான். காட்டை காப்பாத்துறோம்னு போர்டு, சுவத்துல புலி படம், ஸ்கூல் பசங்களுக்கு ஓவியப் போட்டி. எங்க சுருக்கு வைப்பான், பன்னிக்கு எங்க நாட்டுவெடி வைப்பான், கோடையில எந்தப் பக்கம் முதல்ல தீ பத்தும், இதெல்லாம் தெரிஞ்ச ஆளு வெளிய வேப்பமரத்தடியில. அவருக்கு ஒரு நாற்காலி கூட போட வேணாம், அவரே கொண்டு வருவாரு, வாசல்ல உக்கார வச்சு வர்ற பசங்களுக்கு நாலு விஷயம் சொல்ல சொல்லி சம்பளம் குடுங்களேன்.

சட்டம் இல்லாம இல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு. மாற்றுத்திறனாளிங்க எல்லா இடத்துக்கும் வந்து போற வசதிக்கான விதிங்கறது வெறும் ஆலோசனையா இருக்கக்கூடாது, கட்டாயமா இருக்கணும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. அப்புறம் வீல்சேர்ங்கறது வேலூருக்கு வெளியூர் சமாச்சாரமும் இல்ல. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல விபத்துல கால் ரெண்டும் செயலிழந்து, வீல்சேர்ல உக்காந்தபடியே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணவங்க. 1966ல வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்தது அவங்களாலதான். அந்த ஊர்ல நின்னுகினு 25 இஞ்சுக்கு சண்டை போட வேண்டியிருக்கு.

அன்னிக்கு திரும்பி வர்ற வழியில ஒரு ஏரிக்கரை. டிராக்டர் ஏறுறதுக்காக யாரோ சரிவா மண்ணு அடிச்சு கெட்டிச்சு வச்சிருந்தாங்க, ஒரு மூட்டை சிமெண்ட் கிடையாது, வீல்சேர் அது பாட்டுக்கு ஏறிடுச்சு. தண்ணியில முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்துச்சு, நத்தைகொத்தி நாரை ஏழெட்டு நின்னுச்சு. நான் ஃபோன எடுத்து ஜூம் பண்ணிட்டு இருக்கேன், ஆக்காட்டி ஒண்ணு, யாராவது கிட்ட வந்தா கத்துற பறவை, கத்த ஆரம்பிச்சுது. நம்மள பாத்துதான் கத்துதுன்னு நான் வீல்சேர கொஞ்சம் பின்னாடி இழுத்தேன்.

"இன்னாத்துக்குடா இழுக்கிற? அது நம்மள பாத்து கத்தல. பின்னால நாய் வருது பாரு."

திரும்பிப் பாத்தேன். ரெண்டு நாய், கரை மேல வந்துகினு இருந்துச்சு.