நீரடிக் கேமராவும் கஸ்டம்ஸும்: கிளம்பும் அன்றே முடிக்க வேண்டிய வேலை

மாலத்தீவுக்கோ பாலிக்கோ கேமராவோடு டைவ் செய்யப் போகிறவர்கள், அங்கே இறங்கியதும் என்ன கேட்பார்களோ என்றுதான் பயப்படுகிறார்கள். பெரிய தொகை போகக்கூடிய இடம் அதுவல்ல, திரும்பி வந்து இறங்கும் நம் ஊர் விமான நிலையம்தான்.

காரணம் எளிது. ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து வைத்த அலுமினிய ஹவுசிங் (கேமராவுக்குள் தண்ணீர் புகாமல் மூடும் உறை) ஐந்து வருடம் கழித்தும் புதிதாகவே தெரியும். அதை இங்கே ஜிஎஸ்டி கட்டி வாங்கினீர்களா, போன வாரம் சிங்கப்பூரில் வாங்கினீர்களா என்று பார்த்துச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது. ஆவணம் இல்லையென்றால் புதிய பொருள் என்றுதான் கணக்குப் போடுவார்.

அந்தக் கணக்கு எப்படி வரும்? 2026 தொடக்கம் வரை நடப்பில் இருந்த 2016 பேக்கேஜ் விதிகளின்படி வரியில்லா வரம்பு 50,000 ரூபாய், அதற்கு மேல் 38.5 சதவீதமாக இருந்தது. ஹவுசிங், டோம் போர்ட் (லென்ஸுக்கு முன் வரும் வளைந்த கண்ணாடி), இரண்டு ஸ்ட்ரோப் (நீரடி ஃப்ளாஷ்) சேர்ந்து 4 லட்சம் என்றால் அந்தக் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு வரி 1,34,750 ரூபாய். வரம்பும் விகிதமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் சிபிஐசி (மத்திய மறைமுக வரி, சுங்க வாரியம்) தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் உறுதி: கணவன், மனைவி இருவர் வரம்பையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் காட்ட முடியாது.

இதற்கு மருந்து எக்ஸ்போர்ட் சர்டிபிகேட், அதாவது இந்தப் பொருள் இங்கிருந்தே போனது என்று கஸ்டம்ஸ் எழுதித் தரும் தாள். புறப்படும் அன்று, பெட்டியை ஏர்லைன் கவுண்டரில் போடுவதற்கு முன்பு, புறப்பாட்டுப் பகுதியிலுள்ள கஸ்டம்ஸ் அதிகாரியிடம் பொருளைக் காட்டி வாங்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த வரிசையில்தான். செக்-இன் முடித்து ஹவுசிங் பெல்ட்டில் போய்விட்டால் காட்ட எதுவும் இருக்காது. சென்னையில் ஏறி டெல்லி வழியாக வெளிநாடு போகிறவர்களுக்கும் இதே சிக்கல், கடைசி ஊருக்கே டேக் போட்ட பெட்டி டெல்லியில் கைக்கு வராது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

பட்டியலை வீட்டிலேயே டைப் செய்து இரண்டு பிரதி எடுங்கள். கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, பில் தொகை. கேமரா பாடி, லென்ஸ், ஸ்ட்ரோப் எல்லாவற்றிலும் எண் எளிதாகக் கிடைக்கும். ஹவுசிங்கில் சிலவற்றுக்கு அடிப்பக்கம் இருக்கும், சிலவற்றுக்கு உள்ளே. ஸ்ட்ரோபைத் தாங்கும் ஆர்ம், கிளாம்ப், எடையைக் குறைக்கும் ஃப்ளோட் இவற்றில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. அவற்றை எண்ணிக்கையோடு எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பி ஒரு படம் எடுத்து இணையுங்கள். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் திரும்பி வரும்போது அந்தத் தாள் உதவாது. அதிகாரி கையெழுத்துப் போடும் முன் நீங்களும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹவுசிங்கை மேசையில் திறந்து காட்டச் சொல்வார்கள். அதனால் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான மெயின் ஓ-ரிங்கைக் கழற்றி ஜிப் பையில் தனியாக வையுங்கள், முடியோ தூசியோ ஒட்டாது. விமானத்துக்கும் அதுதான் நல்லது. தரையில் இறுக்கி மூடிய ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று, மேலே அழுத்தம் குறையும்போது போர்ட்டை வெளியே தள்ளும். உதிரி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான். 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தடையில்லை, 100 முதல் 160 வரை என்றால் ஏர்லைன் அனுமதி தேவை. வீடியோ லைட் பேட்டரியில் 14.8 வோல்ட், 6.8 ஆம்பியர்-அவர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 100.64 வரும். மயிரிழையில் வரம்பைத் தாண்டிவிட்டது.

சர்டிபிகேட் வாங்காமல் கிளம்பிவிட்டால் ஜிஎஸ்டி பில்லும், சீரியல் நம்பர் தெரியும் பழைய படங்களும்தான் துணை. கூரியரில் இறக்குமதி செய்திருந்தால் அப்போது வரி கட்டிய ரசீது பில்லைவிட வலுவானது. வெளிநாட்டில் உண்மையிலேயே புதிதாக வாங்கியிருந்தால் ரெட் சேனலில் (வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் வழி) போய்ச் சொல்லிவிடுங்கள். பொருள் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, வரிக்குரியது எதுவும் இல்லாதவர்களுக்கான கிரீன் சேனலில் நடப்பது தவறு. பிடிபட்டால் வரியோடு அபராதமும் சேரும், பொருளே பறிமுதல் ஆகலாம்.

போகும் நாட்டுக்கும் தனி விதி உண்டு. கோசுமெல், லா பாஸ் என்று டைவர்கள் குவியும் மெக்சிகோவில் ஒரு பயணிக்கு இரண்டு கேமராதான் வரியில்லாமல். அதற்கு மேல் போனால் வரி கேட்கலாம். படப்பிடிப்புக்குப் போகும் குழுவென்றால் ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு வழங்கும் ஏடிஏ கார்னெட் (பொருளைத் தற்காலிகமாக வரியில்லாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் ஆவணம்) இருக்கிறது. ஓராண்டு செல்லும். ஆனால் போகும் நாடும் அதை ஏற்க வேண்டும், ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை விழ வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் வரிக் கோரிக்கை பின்னாலேயே வரும். விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அது தேவையில்லாத செலவு.

இதில் மாற வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு முறை சரிபார்த்த சீரியல் நம்பர்களைப் பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் பதிந்து வைத்தால், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பயணி அல்லாட வேண்டாம், அதிகாரியும் ஊகிக்க வேண்டாம். டைவர்களுக்கு மட்டுமல்ல, கேமரா, டிரோன், இசைக்கருவி தூக்கிக்கொண்டு போகிற எல்லோருக்கும் இது தேவை. டைவ் கிளப்புகளும் புகைப்படச் சங்கங்களும் சேர்ந்து கஸ்டம்ஸ் ஆணையரகத்துக்கு எழுதலாம். வரைவு தயாரிக்க விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.